ஸ்வயம் பாடத்தில் சேருகிறார்கள், முடிப்பதில்லை: ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

டெல்டா_காமர்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் துறையில் இருக்கிறேன். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்துக்குக் கல்லூரி சார்பில் ஒருங்கிணைப்பாளராக, அதாவது ஸ்பாக் பொறுப்பில், இருந்த சார் ஓய்வு பெற்றுவிட்டார். வரும் ஜூலை பருவத்திலிருந்து நீங்கள் பாருங்கள் என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சேர்ந்தவர்கள் ஏராளம். தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் அதில் கொஞ்சம் பேர். சான்றிதழ் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "ஒரு பட்டறை நடத்துங்க மேடம், எல்லாம் சரியாயிடும்" என்கிறார் பிரின்சிபால். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிளஸ் டூ வரை தமிழ்வழி. பெண்பிள்ளைகள் பலருக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. அண்ணனோ அப்பாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். மூத்த ஆசிரியர்கள் சிலருக்கோ இதில் கோபமே இருக்கிறது. "ஐஐடி புரொபசர் நடத்துவார், நான் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டுமா?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது, மாணவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

நெல்லை_கணக்கு_வாத்தியார்:

மேடம், முதலில் அந்தப் பட்டறையை எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். எங்கள் ஊரிலும் நடத்தினார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, டிஜிட்டல் யுகம் பற்றி ஒரு மணிநேரப் பேச்சு, மத்தியானம் நல்ல சாப்பாடு. மூன்று மணிக்கு ஒருவர் திரையில் பதிவு செய்வது எப்படி என்று காட்டினார். நான்கு மணிக்கு எல்லோருக்கும் சான்றிதழ். முதல் அசைன்மென்ட் வந்தபோது பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை.

ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றே ஒன்றுதான். அவர்களே ஒரு பாடத்தில் மாணவராகச் சேர்ந்து, வாராவாரம் அசைன்மென்ட் போட்டு, பணம் கட்டி, தேர்வு மையத்தில் போய் உட்கார்ந்து எழுத வேண்டும். நான்கு வாரப் பாடம் போதும். அதை முடித்தவரை மட்டும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக, மென்டாராகப் போடுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், தெரியும். அப்போது யுஜிசியின் 2018 விதிகளை எடுத்து மேஜையில் வையுங்கள். பதவி உயர்வுக்குக் கேட்கும் பயிற்சிகளின் வரிசையில், சான்றிதழோடு முடித்த ஆன்லைன் பாடத்துக்கும் இடம் உண்டு. பொறியியல் கல்லூரிக்காரர்களுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரத்தோடு எஃப்டிபியாகவே, அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாகவே, எண்ணப்படும் என்பிடெல் பாடங்கள் (ஸ்வயத்தில் ஐஐடிகள் முதலியவை நடத்துபவை) தனியாக இருக்கின்றன. ஆர்வத்தில் வராதவர்கள் கோப்புக்காக வருவார்கள். எதற்காக வந்தால் என்ன, உள்ளே வந்தால் சரி.

உள்ளே வந்த பிறகுதான் வேடிக்கை. திங்கட்கிழமை வீடியோ ஏறும். வாரம் முழுக்க "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு விழுந்தடித்து உட்காருவார்கள். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் அப்படித்தான் இரண்டாம் வார அசைன்மென்டைத் தவறவிட்டார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில், "பசங்க ஏன் கோட்டை விடறாங்கன்னு இப்ப புரியுது" என்றார். நூறு பட்டறை நடத்தினாலும் இந்த வாக்கியம் கிடைக்காது. அந்த வருடம் தேர்வு மையத்தில் அவருக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது அவருடைய இரண்டாம் ஆண்டு மாணவி. யார் அதிக மார்க் என்பதைப் பற்றி இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

உங்கள் மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். "எனக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான், கேலி செய்யக்கூடாது. வீடியோவில் இருப்பவருக்கு உங்கள் வகுப்பில் யார் எந்த இடத்தில் முழிக்கிறார்கள் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவர் பேசிக்கொண்டே போவார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் உங்கள் வேலை.

நான் செய்வதைச் சொல்கிறேன். புதன்கிழமை இரவு கெடு என்றால், செவ்வாய் மத்தியானம் ஒரு பீரியடைக் கால அட்டவணையிலேயே இதற்கென்று வாங்கிவிட்டேன். இலவசமாகக் கிடைக்கவில்லை, பிரின்சிபாலிடம் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். அந்த ஒரு மணிநேரம் லேபில் எல்லோரும் இருப்போம். அன்றைக்குப் பிரச்சினை கொடுக்கும் அரை மணிநேர வீடியோ ஒன்றை மட்டும் ஓட்டுவேன். நிகழ்தகவுப் பாடம் என்று வையுங்கள். இரண்டு பகடை உருட்டிய கணக்கை அவர் எழுத ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன். "கூட்டுத்தொகை எட்டுக்கு மேல்னு தெரிஞ்சாச்சு. இப்ப முதல் பகடையில ஆறு விழுந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? அடுத்த வரியை நீங்களே எழுதுங்க." ஐந்து நிமிடம். கூட்டுத்தொகை எட்டைத் தாண்டும் வழிகள் 36இல் 10 மட்டும்தான், அதில் முதல் பகடை ஆறாக இருப்பவை 4 என்று ஒருவன் கண்டுபிடிப்பான். இன்னொருத்தி 36ஆலேயே வகுத்து வைத்திருப்பாள். ஏன் என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள். அதன்பிறகு வீடியோவை ஓட்டினால் அந்தப் புரொபசர் எழுதும் வரியை எல்லோரும் கவனித்துப் பார்ப்பார்கள். நான் நடத்தியது ஒரு வரிகூட இல்லை. மேஜையில் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிக் கணக்குப் புத்தகம் ஒன்றும் கிடக்கும். அதே மாதிரிக் கணக்கு அதில் இருக்கிறது என்று காட்டினால் தமிழ்வழிப் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும்.

மாணவர்களுக்கான பயிற்சியும் இதே மாதிரிதான், செய்ய வைக்க வேண்டும். பாடம் ஆரம்பிக்கும் முன் லேபில் உட்கார வைத்து ஒரு முழுச் சுற்று ஓட்ட விடுங்கள். சொந்த ஈமெயில் (பிரவுசிங் சென்டர்க்காரர் உருவாக்கிக் கொடுத்தது வேண்டாம், அவர் போன் நம்பருக்குத்தான் ஓடிபி போகும்), அடையாள அட்டையில் இருக்கிறபடியே பெயர், லோக்கல் சாப்டர் (என்பிடெல்லோடு இணைந்த கல்லூரிகள்) பட்டியலில் நம் கல்லூரியைச் சரியாகத் தேர்வு செய்வது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் காணாமல் போவார்கள். ஒரே மாதிரிப் பெயரில் நாலு கல்லூரி இருக்கும். அடுத்து அசைன்மென்ட் 0. அது பயிற்சிக்காகவே வைத்திருப்பது. விடையைக் கொடுத்து, மாற்றி, மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கடைசியாகக் கொடுத்ததைத்தான் திருத்துவார்கள் என்பது பலருக்கும் தெரியாது.

பாடத்தில் சேருவது இலவசம், தேர்வுக்குப் பதிவு செய்வது தனி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் டிக்கெட் எடுத்ததாக ஆகாது, இல்லையா? உங்கள் பழைய பட்டியலில் "சேர்ந்தவர்கள் ஏராளம்" என்று இருக்கிறதே, அவர்களில் எத்தனை பேர் சேர்ந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்களோ. என்பிடெல்லில் தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி. நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தது இது. பதிவு திறந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மார்க் கணக்கு. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் எல்லா வாரமும் சேராது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். ஒரு பையன் யூடியூபிலும் டெலிகிராமிலும் வரும் விடைகளைப் பார்த்துப் போட்டு அசைன்மென்டில் 25க்கு 25 வாங்கிவிட்டான். தேர்வில் 28. மொத்தம் 53. இன்னொருத்தி தானே முட்டி மோதி அசைன்மென்டில் 12, தேர்வில் 31. மொத்தம் 43. சான்றிதழ் அவளுக்குத்தான், அவனுக்குக் கிடையாது. காப்பி அடிக்காதே என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, இந்தக் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் பேராவது யோசிக்கிறார்கள்.

நீங்கள் காமர்ஸ் என்பதால் ஒன்று. கலை அறிவியல் இளநிலைப் பாடங்களில் பல, என்பிடெல் வழியாக இல்லாமல் சிஇசி என்ற யுஜிசியின் அமைப்பு வழியாக வருகின்றன, அவற்றின் தேர்வை என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நடத்துகிறது. அங்கே 30க்கு 70, இரண்டிலும் 40 சதவீதம் வேண்டும். கெடு தேதிகளும் வேறு மாதிரி இருக்கும். எந்தப் பாடம் யாருடையது என்று முதலிலேயே பிரித்து எழுதி வையுங்கள், இல்லையென்றால் எல்லாம் குழம்பிவிடும்.

மூணாம்_வருஷம்:

நான் ஆசிரியர் இல்லை, மாணவி. பி.எஸ்சி. கணினி அறிவியல். சொல்லலாம்தானே?

மேடம், எங்க வீட்டிலும் ஒரே போன்தான். வீடியோ பார்க்கிறது பிரச்சினை இல்லை. காலேஜ் வைஃபையில் டவுன்லோடு பண்ணிக்கலாம், யூடியூபிலும் இருக்கு. பிரச்சினை என்னன்னா ராத்திரி ஒன்பதரைக்குப் போன் கையில் வரும்போது அசைன்மென்ட் போட உட்கார்ந்தால், "இன்னும் என்ன போன்?" என்று அம்மா கேட்பாங்க. படிக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டாங்க. எங்க மென்டார் மேம் பெற்றோர் கூட்டத்தில் அம்மாவுக்கு அந்தத் திரையைத் திறந்து காட்டினாங்க, இதுதான் பாடம், இதுதான் அவள் வாங்கின மார்க் என்று. அதுக்கப்புறம் புதன்கிழமை ஆனால் அம்மாவே போனைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. மாணவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது, வீட்டுக்கும் ஒரு அரை மணிநேரம் வேணும்.

இன்னொன்று. டிஸ்கஷன் ஃபோரமில் சந்தேகம் கேட்கச் சொல்வாங்க. அங்கே எல்லோரும் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாங்க. எனக்குக் கேட்கவே கூச்சம். எங்க மேம் முதல் கேள்வியை லேபில் பக்கத்தில் உட்கார்ந்து என்னை எழுத வைத்தாங்க. "மூன்றாவது வீடியோவில் பன்னிரண்டாவது நிமிஷத்தில் லூப் ஏன் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது?" என்று. இங்கிலீஷ் சுமார்தான். பாடத்தின் டிஏ (புரொபசருக்கு உதவி செய்றவங்க) ஒருத்தர் மறுநாளே பதில் போட்டார். ஐஐடியில் இருந்து ஒருத்தர் எனக்குப் பதில் எழுதுறார் என்பது பெரிய விஷயமா இருந்தது. அதுக்கப்புறம் நானே கேட்க ஆரம்பிச்சேன்.

நூலகப்_பொறுப்பாளர்:

மேடம், உங்கள் கல்லூரியில் நூலகத்தை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் லேப் நாலு மணிக்குப் பூட்டிவிடும், நூலகம் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். நாங்கள் ஒரு மூலையில் நாலு கம்ப்யூட்டரும் ஹெட்போனும் போட்டு, "செவ்வாய், புதன் மட்டும் ஸ்வயம் மாணவர்களுக்கு முன்னுரிமை" என்று எழுதி ஒட்டினோம். ஒரு வரி அறிவிப்புதான், அதற்கே பயன் இருந்தது. அறிவிப்புப் பலகையில் வாராவாரம் கெடு தேதியைப் பெரிதாக எழுதுகிறோம். வாட்ஸப்பில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போகிறது.

சில என்பிடெல் பாடங்களின் உரையைத் தமிழிலும் எழுத்துவடிவில் தருகிறார்கள். நம் பிள்ளைகள் எடுக்கும் பாடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அச்செடுத்து நூலகத்தில் வையுங்கள். வீட்டில் இன்டர்நெட்டே இல்லாதவர்களுக்கு ஸ்வயம் பிரபா டிவி சேனல்களும் இருக்கின்றன. ஸ்வயம் தொடங்கிய 2017 ஜூலை 9 அன்றே அதையும் தொடங்கினார்கள். நேரத்துக்குக் காத்திருந்து பார்க்க வேண்டும் என்பதால் எங்களிடம் அவ்வளவாக ஓடவில்லை.

மெக்கானிக்கல்_மென்டார்:

கணக்கு வாத்தியார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு பீரியட், பக்கத்தில் உட்காருவது எல்லாம் அறுபது பேர் இருக்கிற இடத்தில் சரி. எங்கள் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சேருகிறார்கள். நாங்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கினோம், கட்டணத்தைக் கல்லூரியே முதலில் கட்டிவிடும். தேறியவர்கள் எண்ணிக்கை ஏறியது உண்மை. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வந்தபோது அதுதான் கை கொடுத்தது. கொஞ்சம் கண்டிப்பு இல்லாமல் நம் பசங்க நகர மாட்டார்கள் சார்.

நெல்லை_கணக்கு_வாத்தியார்:

மெக்கானிக்கல் சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆயிரம் பேர் என்றால் என் வழி அப்படியே ஒத்துவராது. ஆனால் ஆயிரம் பேரை ஏன் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் சண்டை. நாக் குழுவுக்காக எண்ணிக்கை, எண்ணிக்கைக்காகக் கட்டாயம். கட்டாயப்படுத்தினால் டெலிகிராம் விடைத்தாள்தான் கொழுக்கும். அங்கே ஒவ்வொரு வாரமும் எத்தனை ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். உங்கள் பசங்களும் என் பசங்களும் சேர்ந்துதான் இருப்பார்கள்.

கட்டணத்தைக் கல்லூரி முதலில் கட்டுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நல்ல விஷயம். நாங்கள் தேறியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம், அதில் ஒரு குறை உண்டு. முதலில் ஆயிரம் ரூபாய் புரட்ட முடியாதவர்கள் பதிவே செய்வதில்லை. இதில் உங்கள் முறைதான் மேல்.

ஆயிரம் பேருக்கும் ஒரு வழி உண்டு. முந்தைய பருவத்தில் அதே பாடத்தை முடித்த சீனியர் மாணவர்களை ஆளுக்குப் பத்துப் பேர் என்று போடுங்கள். ஆசிரியருக்கு ஒரு பயிற்சி கொடுப்பதைவிட இவர்களுக்குக் கொடுப்பது எளிது. விடையைச் சொல்லாதே, எந்த வீடியோவில் எத்தனையாவது நிமிஷத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல். இந்த ஒரு விதி போதும்.

டெல்டா_காமர்ஸ்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தங்கச்சி, உன் அம்மா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஜூலையில் பெற்றோர் கூட்டத்தில் ப்ரொஜெக்டரைப் போட்டுவிடுகிறேன்.

நான்கு ஆசிரியர்கள் நான்கு வாரப் பாடத்தில் சேருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். "எனக்கு என்ன வேலை" என்று கேட்டவர் இன்னும் இல்லை. பகடைக் கணக்கை அவரிடம் காட்டினேன், அவர் புள்ளியியல் நடத்துபவர். "36ஆல வகுக்கிற பிள்ளையை எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். பார்ப்போம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கிரெடிட் விஷயம். பிள்ளைகள் இதை முடித்தால் ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்களா? எங்கள் பழைய ஸ்பாக் வாய்மொழியாக "ஆமாம்" என்றிருக்கிறார். பிள்ளைகள் அதை நம்பித்தான் சேருகிறார்கள்.

நெல்லை_கணக்கு_வாத்தியார்:

வாய்மொழியை நம்பிச் சேர்க்காதீர்கள் மேடம். யுஜிசி விதி இடம் கொடுக்கிறது. 2016இல் 20 சதவீதம் வரை என்றிருந்தது, 2021இல் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்று ஏற்றினார்கள். ஆனால் "எடுக்கலாம்" என்று அவர்கள் சொன்னால் போதாது. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று உங்கள் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) தீர்மானம், பாடக் குறியீடு, கிரெடிட் எண்ணிக்கை மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும். என்பிடெல்லில் 12 வாரத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1 என்று பரிந்துரைக்கிறார்கள். உங்கள் விருப்பப் பாடம் 4 கிரெடிட் என்றால் இடிக்கும்.

அதனால் பதிவு திறக்கும் முன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதிப் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால், "சான்றிதழ் கிடைக்கும், கிரெடிட் உறுதி இல்லை" என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பேர் விலகுவார்கள். விலகட்டும்.

அப்புறம், அந்தப் புள்ளியியல் சாரை விடாதீர்கள். செவ்வாய் பீரியடுக்கு ஒருநாள் சும்மா வந்து உட்காரச் சொல்லுங்கள். மென்டார் என்றெல்லாம் பேரே வைக்க வேண்டாம்.